ஸ்ட்ரெச்சரின் நீளம்

கண்ணு,

இன்றைக்கு மாலை நாலு பத்துக்கு சர்ச் சங்கத்து ஜெரோம் போன் செய்தார். கோயில் கமிட்டியும் அவர்களும் சேர்ந்து வாங்கிய ஆம்புலன்ஸ் தொண்டாமுத்தூருக்கு வந்துவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமா, ஃபாதர் தெளிக்கும் தீர்த்தமா என்று சண்டை போட்டு, கடைசியில் இரண்டும் நடந்ததாம்.

போன மாசம் உன்னைத் தக்காளி டெம்போவில்தான் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உன் உயிர் போய்விட்டது. அதனால் இந்த வண்டிக்கு ஸ்ட்ரெச்சரை என் பட்டறையிலேயே வெல்டு செய்து கொடுத்திருந்தேன்.

"ஏனுங்க, கமிட்டித் தலைவரு படுத்துப் பாத்தாருங்க. காலு வெளிய தொங்குது. யாரு அளவுங்க இது?"

"அஞ்சடி" என்று மட்டும் சொன்னேன். உன் உயரம்.

"நாளைக்கு வண்டி ஓடோணுங்க. நீட்டிக் குடுத்துருங்க."

சரி என்றேன். ஸ்ட்ரெச்சர் பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது. நீட்ட வேண்டுமானால் நடுவில் வெட்டி ஒட்டுப்போட வேண்டும்; இன்னும் வெட்டவில்லை. ஜெரோம் மறுபடி கூப்பிட முடியாதபடி போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்