பக்கத்துத் தோட்டத்துக்குப் போன கேமரா

கூடலூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் திராட்சைக் கொடியும் சுகம், கொடியைப் பற்றிச் சொன்னது முக்கால்வாசிதான் உண்மை, போகப் போகத் தெரியும். நெதர்லாந்துக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பாள், அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

தோலை உரிக்காமலே ஆப்பிளுக்குள் அடிபட்டிருப்பதைக் காட்டும் என்று நீ வேலை பார்க்கிற கேமராவைப் பற்றிச் சொன்னாயே, அதே மாதிரி ஒன்றை ட்ரோனில் கட்டிக்கொண்டு விவசாயக் காலேஜ் ஆட்கள் போன வாரம் வந்தார்கள். நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிகிற இலை அதற்கு நூறு பச்சையாம், நோய் வெளியே தெரியுமுன்பே காட்டிவிடுமாம். நம் தோட்டத்தைத்தான் எடுப்பதாகப் பேச்சு. மகள் வேலை பார்க்கிற கேமரா வரும்போது தோட்டம் அழுக்காக இருக்கலாமா? முந்தின நாளே ஏணி போட்டு ஏறி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்தை, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல் பந்தலுக்கு மேலே அடித்துவிட்டேன், வேலியோரம் இரண்டு வரிசைக்கு மட்டும் மருந்து போதவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டு, நாங்க இலையப் பாக்க வந்தோம்ய்யா, இதுல மருந்துதான தெரியும் என்று சொல்லிப் பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டியிடம் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தன் தோட்டத்தை அவர்கள் எடுத்த படத்தை அவன் டீக்கடையில் செல்லில் விரித்து, நம்ம நதியா வேல பாக்குற கேமராவாக்கும் என்று ஊருக்கே காட்டுகிறான். பெற்றது நான், படம் பிடித்துக்கொண்டது அவன். கடைப் பக்கம் போகாமல் வீட்டில் டீ கேட்டால், வயித்தெரிச்சலுக்குச் சீனி போடவா வேண்டாமா என்கிறாள் உன் அம்மா.

நேற்று அவனே வந்து, ஏலே பேச்சி, ஒன் வேலியோர வரிசை ரெண்டும் எங்க படத்து ஓரத்துல விழுந்து செவப்பாக் காட்டுது, அடிச்சாம்பல் நோய் ஆரம்பிக்குதுன்னு காலேஜ்காரக சொன்னாக, சீக்கிரம் மருந்தடி என்றான். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொறாமையில் பொய் சொல்கிறானோ என்றுகூட நினைத்தேன், பொறாமை யாருக்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. விட்டால் பந்தல் முழுக்கப் பரவி இந்தப் போகமே போய்விடும் என்பதால், வீம்பை விழுங்கிக்கொண்டு இன்று விடிந்ததும் அடித்துவிட்டேன். தெளிக்கிற மோட்டாரையும் அவனே தள்ளிக்கொண்டு வந்தான். கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சுருளி வேலப்பர் சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அவனிடம் வாங்கின அந்தப் படத்தையும் இதோடு அனுப்புகிறேன், அவன் சொன்னது சரிதானா என்று பார்த்து எழுத மறந்துவிடாதே. சரி என்றால் எனக்கு மட்டும் சொல், அவனுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அப்பா,
பேச்சிமுத்து