சித்தேரி ஜீப்புக்கு ஹீட்டர்

பாப்பிரெட்டிப்பட்டி,
9.11.1986

அன்புள்ள பாக்கியமேரியின் அப்பாவுக்கு,

ராஜமேரி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் பாப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அந்தப் பனி தேசத்தில் மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து உங்கள் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. லடாக்கில் பனி விழ ஆரம்பித்தால் தபால் தாமதமாகும் என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சொல்லித்தான் அத்தையைச் சமாதானப்படுத்துகிறேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் வாசலுக்கு வந்துவிடுகிறார். இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள்.

பாப்பா நான்காம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறாள். தமிழில் மட்டும் ல, ள குழப்பம் போகவில்லை. நம் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கேழ்வரகு அறுத்தாகிவிட்டது.

இப்போது உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சிஸ்டர்கள் மருந்தகத்துக்குப் புது ஜீப் வருகிறது. வெளிநாட்டு உதவி கிடைத்திருக்கிறது. பழைய ஜீப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தரையில் விழுந்த ஓட்டை வழியாக இப்போது சாலையே தெரிகிறது. புது வண்டி எப்படி வேண்டும் என்று சேலம் கடைக்காரர் கேட்டு எழுதியிருக்கிறார். பெட்ரோலா டீசலா, பின் சக்கரம் மட்டும் இழுத்தால் போதுமா, நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா, மேலே கான்வாஸா, இரும்புக் கூடா, பின்னால் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். பெரிய சிஸ்டர் அதை என்னிடம் கொடுத்து, உன் வீட்டுக்காரர் பனியில் வண்டி ரிப்பேர் செய்கிறவர், அவரையே கேட்டு எழுது என்றார்கள். கிறிஸ்துமஸுக்குள் பதில் போனால் போதும்.

பங்குச் சாமியார் ஸ்தனிஸ்லாஸ் கான்வாஸ்தான் வேண்டும் என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. மலைப் பிள்ளைகளின் விடுதிக்கு அரிசி மூட்டை ஏற்ற வேண்டும். கான்வாஸைச் சுருட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். இரும்புக் கூடு போட்டால் வண்டி கனத்துப்போகும், மலையேறத் திணறும் என்றும் சொல்கிறார். சித்தேரி மலைப்பாதை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடிவாரத்தைத் தாண்டினால் மண்ணும் கல்லும்தான்.

எனக்கு மட்டும் கான்வாஸ் என்றாலே மனது ஒப்பவில்லை. போன மார்கழியில் நடந்ததை நீங்கள் லீவில் வந்தபோது நான் சொல்லவில்லை. வந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சித்தேரிக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் நாகன் என்பவரின் மனைவி செல்லிக்கு வீட்டிலேயே பிரசவம் ஆனது. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. ஆள் வந்து சொன்னதும், அன்றைக்கு டியூட்டி நர்ஸான நானும் டிரைவர் குப்புராஜும் போனோம். இறங்கும்போது மூடுபனி, கூடவே தூறல். பக்கவாட்டுக் கான்வாஸ் அறுந்து படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. ஒரு கையில் செல்லியின் நாடியையும் மறு கையில் குளுக்கோஸ் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு சேலையில் சுற்றிய குழந்தை செல்லியின் அம்மா மடியில் இருந்தது. அழவே இல்லை. தூங்குகிறது என்றுதான் நினைத்தோம்.

செல்லி பிழைத்துக்கொண்டாள். குழந்தையைத் தொட்டுப் பார்த்தபோது குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. எவ்வளவோ செய்து பார்த்தோம். விடிவதற்குள் போய்விட்டது. செல்லியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மடியிலேதானுங்க வெச்சிருந்தேன், எப்பிடிங்க சில்லுனு ஆச்சு" என்று கேட்டார்.

அதனால்தான் கதவு மூடுகிற வண்டியும் உள்ளே சூடு வருகிற மாதிரி ஒரு ஏற்பாடும் வேண்டும் என்று கேட்டேன். சேலம் கடைக்காரர் சிரித்துவிட்டு, ஹீட்டரெல்லாம் காஷ்மீருக்குப் போகிற வண்டிக்குத்தான், நம் பக்கம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றாராம். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் எழுதுங்கள். நான் நினைப்பது தப்பென்றாலும் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ராஜமேரி


சண்டிகர்,
1.12.1986

அன்புள்ள ராஜமேரிக்கு,

சவரிராயன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உயிரோடும் நல்ல புத்தியோடும் இருக்கிறேன். உன் கடிதம் லடாக் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. மேலே சண்டிகர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே. முதலில் வண்டி விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

டீசலே வாங்குங்கள். பெட்ரோல் வண்டி குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மேட்டில் பாரத்தோடு நிதானமாக இழுக்க டீசல்தான் சரி. சித்தேரிக் குளிருக்கு டீசல் உறைந்துவிடாது. பேட்டரி மட்டும் பெரியதாகக் கேளுங்கள். இஞ்சினைச் சூடாக்கும் பிளக் நான்கும் வேலை செய்கிறதா என்று குப்புராஜை நின்று பார்த்து வாங்கச் சொல். நாலு சக்கரமும் இழுப்பது கட்டாயம் வேண்டும், கூடவே மேட்டிலும் சேற்றிலும் மெதுவாக, பலமாக இழுக்கிற கீழ் கியரும். முன்னால் கயிறு சுற்றும் வின்ச் வேண்டாம். அது கனம், அங்கே வேலையும் இல்லை. நல்ல கொக்கியும் தடித்த கயிறும் போதும். மஞ்சள் விளக்கு இரண்டைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் மூடுபனியில் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

கான்வாஸ் வேண்டாம். நீ நினைப்பதுதான் சரி. சாமியார் சொல்கிற கனம் நாலு சக்கரம் இழுக்கிற வண்டிக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகச் சொல். ஆனால் ஹீட்டர் விஷயத்தில் ஒன்று கவனி. முன்னால் டிரைவர் காலடியில் வைத்துக் கொடுத்தால் அது டிரைவருக்குத்தான் சூடு. நோயாளி படுப்பது பின்னால். அதனால் சூடான காற்று தரைக்கு அடியில் குழாய் வழியாகப் பின்பக்கம் வர வேண்டும். அது இஞ்சின் தண்ணீரின் சூடுதான், தனியாக டீசல் செலவில்லை. புகைக்குழாய் பின்பக்கச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கிறதா என்று நீயே குனிந்து பார். மூடிய வண்டிக்குள் இஞ்சின் புகை வந்தால் தூங்குகிற மாதிரியே ஆள் போய்விடுவான். கண்ணாடி நகர்த்தித் திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகிற ரப்பர் குழாய் நல்லதாக இருக்க வேண்டும். மாற்றுக் குழாய் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அதுதான்.

ஐப்பசியில் ஒரு கணவாய்க்கு மேலே நின்றுபோன லாரியை இழுக்கப் போனோம். திரும்பும்போது பனி சரிந்து பாதை மூடிக்கொண்டது. எங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தது, ஆனால் அந்தக் குழாய் வெடித்துவிட்டது, மாற்றுக் குழாய் இல்லை. என் இடது பூட்ஸுக்குள் பனி புகுந்து நனைந்துபோயிருந்தது. கூட இருந்த பஞ்சாபிக்காரர் பூட்ஸைக் கழற்றி, என் காலைத் தன் சட்டைக்குள் விட்டு மீட்க ஆள் வரும்வரை வயிற்றோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் பாதம் தப்பியது என்று டாக்டர் சொன்னார். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். புண் ஆறிவருகிறது. கம்பு ஊன்றி நடக்கிறேன்.

கடிதம் எழுதாததற்குக் காரணம் இதுதான். அம்மாவுக்குச் சொல்லாதே.

நீ கேட்கும் வண்டியில் ஹீட்டர் வைத்தாலும், பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றித் தனியாக வைக்காதே. தாயோ வேறு யாரோ உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பஞ்சாபிக்காரரின் வயிற்றுச் சூடு என் காலுக்கு ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

பழையபடி வண்டி வேலைக்கு என்னை அனுப்ப மாட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள், இன்னும் சில வருஷம் இருக்கலாம். இல்லையென்றால் பென்ஷனோடு வீட்டுக்குப் போகலாம். மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டும். ஸ்டோரிலேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். வண்டியைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? அதையும் ஓட்ட முடியாதவன் ஊருக்கு வந்து உங்களுக்குப் பாரமாக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாப்பாவுக்கு என் முத்தம். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பிடித்த கலரில் துணி எடுத்துக் கொடு.

இப்படிக்கு
சவரிராயன்


பாப்பிரெட்டிப்பட்டி,
8.2.1987

அன்புள்ள பாக்கியமேரியின் அப்பாவுக்கு,

ராஜமேரி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட நாலு வரிக் கடிதம் கிடைத்திருக்கும். அப்போது அதற்குமேல் எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ தெரிந்துபோயிற்று, பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அழுதார். பிறகு எந்தக் கால் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நடக்கறானா" என்று மட்டும் கேட்டார். நடக்கிறார் என்றேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பாப்பாவுக்கும் தெரியும்.

ஜீப் வந்துவிட்டது. நீங்கள் எழுதியதில் வண்டி சம்பந்தப்பட்டதை மட்டும் சாமியாருக்கும் பெரிய சிஸ்டருக்கும் படித்துக் காட்டினேன். சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, அப்படியானால் மூட்டையை எங்கே ஏற்றுவது என்று ஒரே கேள்விதான் கேட்டார். கூட்டுக்கு மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாம், பின் சீட்டை மடக்குகிற மாதிரி வைத்தால் ஸ்ட்ரெச்சரும் போகும் மூட்டையும் போகும் என்று குப்புராஜ் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஹீட்டர்தான் கிடைக்கவில்லை. கடைக்காரர் கை விரித்துவிட்டார். கூடு கட்டிய பட்டறைக்காரர் பச்சியப்பன் என்பவர்தான், பெங்களூரில் பழைய சாமான் விற்கிற இடத்தில் தேடி, ஏதோ ஒரு பழைய வெளிநாட்டு வண்டியில் இருந்ததைக் கழற்றி வாங்கி வந்தார். சேலத்துக்கு எதற்கு ஹீட்டர் என்று அவரும் கேட்டார். செல்லியின் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். குழாயை நீங்கள் சொன்னபடியே தரைக்கு அடியில் பின்பக்கம் கொண்டுவந்துவிட்டார். முதலில் புகைக்குழாய் குட்டையாகத்தான் இருந்தது. நான் குனிந்து பார்த்துச் சொன்ன பிறகு நீட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். மாற்று ரப்பர் குழாய் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

பொங்கல் கழித்து வண்டி வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மறுவாரமே சித்தேரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. மாதப்பன் என்பவரின் மனைவி பழனியம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. கம்பளியில் தூளி கட்டி, ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் அவளைத் தூக்கி வந்தார்கள். குழந்தை என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டது. பெண் குழந்தை.

அன்றைக்கும் மூடுபனிதான், எதிரே மரம் தெரியவில்லை. தாழ்வாக வைத்த மஞ்சள் விளக்கில் பாதையின் ஓரம் மட்டும் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற வளைவில் சேறு. குப்புராஜ் கீழ் கியரில் போட்டு நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டார். வண்டி ஒருமுறை பக்கவாட்டில் நழுவிவிட்டுச் சேற்றைவிட்டு ஏறியது. குழந்தையைத் துணியில் சுற்றவில்லை. பழனியம்மாளின் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினேன். காலடியில் சூடான காற்று வந்ததும் அவள் பயந்துபோய், "அடியிலே அடுப்பு எரியுதுங்களா" என்று கேட்டாள். மாதப்பனும் குனிந்து பார்த்தார். எல்லாரும் மூச்சுவிட்டதில் கண்ணாடி வெளுத்துவிட்டது. விரல் அளவுக்குத் திறந்துவைத்தேன்.

கீழே வந்ததும் முதலில் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது குழந்தை பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பெரிய சிஸ்டர் சொல்கிறார்கள்.

இனி உங்கள் விஷயம். ஊருக்கு வந்தால் பாரம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இங்கே யாரும் உங்களைத் தூக்கிச் சுமக்கப் போவதில்லை.

குப்புராஜுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. பங்குனியோடு போகிறார். உங்கள் காலையும் பென்ஷனையும் பற்றிப் பெரிய சிஸ்டரிடம் பிறகு சொல்லியிருந்தேன். டிரைவர் வேலைக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா, உன் வீட்டுக்காரர் வருகிறாரா என்று பெரிய சிஸ்டர் கேட்டார்கள். நேற்று மத்தியானம் ஷெட்டில் யாருமில்லாதபோது ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். என் இடது காலின் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மடக்கி, பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளட்சை மிதித்துப் பார்த்தேன். கீழே வரை போனது. விட்டு விட்டுப் பலமுறை மிதித்தேன். கட்டாத காலால் மிதிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெருவிரல் பக்கத்துப் பாதம்தான் அழுத்துகிறது. குப்புராஜ் வந்து பார்த்துவிட்டார். நான் எதற்காகச் செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "அண்ணனை வரச் சொல்லுங்க அக்கா. ரெண்டு வாரம் பக்கத்துல உக்காந்து வர்றேன், அப்புறம் போறேன்" என்றார்.

வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் வேண்டாம். நான் மிதித்துப் பார்த்ததை வைத்து உங்கள் வலியை அளந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓட்ட முடியாவிட்டாலும் வண்டியைப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் உங்களைப்போல ஆளில்லை. அதுவும் முடியாவிட்டால் சும்மா இருங்கள். வந்து இருங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான்.

மார்ச்சில் கையெழுத்துப் போடும் முன் இதை இன்னொரு தரம் படியுங்கள். பெரிய சிஸ்டரிடம் வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று இன்று காலை பூசை முடிந்ததும் சொல்லிவிட்டேன்.

எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பொம்மிடி ஸ்டேஷனுக்கு ஜீப் வரும், நானும் பாப்பாவும் வருவோம். வரும் வழியெல்லாம் மாதா உங்கள் கூடவே நடந்து வரட்டும்.

காத்திருக்கும்
ராஜமேரி