தறி நூல் கட்டிய வான்கோழி

என்னங்க,

இன்று கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேக்கரியிலிருந்து சூடான பன் வாசனை வந்தது. எனக்கென்னவோ நெய்யும் மிளகும்தான் மணத்தன. பக்கத்தில் நின்ற பெண், "ஏன்க்கா தனியா சிரிக்கிறீக?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இந்த அடுப்பில் ஒரு வான்கோழியைச் சுட்டார் என்றால் நம்பவா போகிறாள்!

வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று நம் மகளோடு இரண்டு வருடம் நீங்கள் பேசவில்லை. அவள் போன் வந்தால் எழுந்து தறிப் பக்கம் போய்விடுவீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டு பேரும் வருகிறார்கள் என்று தயங்கித் தயங்கித்தான் உங்களிடம் சொன்னேன். வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயம். நீங்களோ, "அவுக வீட்ல பண்டிகைக்கு என்ன செய்வாக?" என்று மட்டும் கேட்டீர்கள். வான்கோழியை முழுசாகச் சுடுவார்களாம் என்றேன். அவர்கள் வருகிற அன்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன்!

சமயநல்லூர்ப் பண்ணையில் உயிரோடு வாங்கி, அங்கேயே அறுத்துச் சுத்தம் பண்ணக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்களாம். நம் பக்கம் கோழியைக் கையில் கொடுத்தால் குழம்புக்குத்தான் வெட்டுவார்கள். நீங்கள் திரும்புவதற்குள் பாதிக்கு மேல் துண்டு போட்டாயிற்று. "இம்புட்டுப் பெரிய கோழிய வெட்டாம என்னண்ணே செய்வீக?" என்று அந்த ஆள் உங்களிடமே கேட்டாராம்.

பையை என் முன்னால் வைத்துவிட்டு, "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்தீர்கள். பேசாமல் குழம்பு வைத்துவிடலாம் என்றேன். கேட்டால்தானே! செல்லூர்த் தறியில் காலமெல்லாம் அறுந்த இழையை முடிச்சிட்ட கை. மஞ்சளும் மிளகும் நெய்யும் பூசி, துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, சாயம் ஏறாத தறி நூலால் இழுத்து இழுத்துக் கட்டினீர்கள். கோரிப்பாளையம் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும், கடைக்கார பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறத இங்க கொண்டாந்துட்டீகளாண்ணே?" என்றாராம். ஆனாலும் பன் எடுத்த பிறகு அந்தச் சூட்டிலேயே வைத்துக் கொடுத்தார், புண்ணியவான்.

மேலே கருகல், எலும்போரம் வேகவில்லை. தட்டில் வைத்ததும் சரிந்து விழுந்தது. மருமகன் ஒரு வாய் வைத்துவிட்டு, பல்லில் மாட்டிய நூலை மெதுவாக இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நம் மகள் அந்த நூலைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். "இது நீங்க செஞ்சதாப்பா?" என்று கேட்டவள் உடைந்து அழுதுவிட்டாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, வெந்த பக்கமாப் பாத்துச் சாப்பிடுங்க" என்றீர்கள்.

மாப்ள! அந்த ஒரு வார்த்தைக்காக நான் கும்பிடாத சாமி உண்டா? அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கண்ணை மூடியபின், "அத்தையத் தனியா விட முடியாது" என்று சாமான்களோடு முதலில் வந்து இறங்கியது மருமகன்தான். இப்போது மாடியில்தான் இருக்கிறார்கள். நான் சாப்பிட உட்காராமல் இரண்டு பேரும் தட்டில் கை வைப்பதில்லை. நீங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் சமைத்தீர்கள். அதைத்தான் நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.