இரண்டு நிமிடம் பதினோரு நொடி வீரம்

ஜூலை 5, சனி

திருச்செங்கோட்டிலிருந்து ஜலகண்டாபுரத்துக்கு மன்னர் நாச்சிமுத்துவின் தேர் கிளம்பியது. தேர் என்றால் என் பழைய மாருதி. பின் சீட்டில் அக்கா மகள் தனப்பிரியா. சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு. சனிக்கிழமைதோறும் அங்குள்ள இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாவின் மேற்பார்வையில் மனு எழுதிக் கொடுக்கிறாள்.

இன்று வந்தது தறி ஓட்டும் குப்பாயி. புருஷன் செத்த ஒரே மாதத்தில் கொழுந்தன் வீட்டைப் பூட்டிவிட்டான். அவளும் சின்னப் பெண்ணும் ஓட்டைத் தறிக்கொட்டகையில் படுக்கிறார்கள். 26ஆம் தேதி சமரசப் பேச்சு. கொழுந்தனின் வக்கீல் சுவாமிநாதன் ஏதோ காகிதம் வாங்க வந்தார். நம் பெண் எழுந்து, "வணக்கம் சார், உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்! எனக்கு ரத்தம் மேட்டூர் அணை மாதிரி நூற்றிருபது அடிக்கு ஏறிவிட்டது.

"எதிர்க்கட்சி வக்கீல் நமக்கு எதிரி இல்லீங் மாமா" என்றாள் வழியில்.

முப்பது வருஷ போர்வெல் புரோக்கர் நான். பாறையையே மிரட்டித் தண்ணீர் கக்க வைத்தவன். எனக்கா பாடம்?

ஜூலை 6, ஞாயிறு

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுபத்து மூன்று பேர். யாரும் கேட்கவில்லை, நானே ஒரு குரல் பதிவு போட்டேன். "ஜலகண்டாபுரத்துக் குப்பாயி கேசுல நம்ம தனப்பிரியா எறங்கிட்டா! எதிர்ல சுவாமிநாதன்னு கோட்டுப் போட்ட மேச்சேரிக் கிடா. கொம்ப முறிச்சுக் கையில குடுத்தர்றேன் மாமான்னு அவளே சொன்னா!"

அவள் எங்கே சொன்னாள்? இருந்தாலும் கதைக்கு ஒரு காரம் வேண்டாமா? மொத்தம் இரண்டு நிமிடம் பதினோரு நொடி. சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன.

ஜூலை 9, புதன்

சித்தப்பா வீட்டு மருமகள் சுகன்யா ஜலகண்டாபுரத்திலிருந்து கூப்பிட்டாள். "மாமா, உங்க பேச்சு இங்க தறிப்பட்டறை பூராவும் ஓடுதுங்க." பதிவை உடனே அழித்தேன். அழித்தால் போய்விடுமா?

ஜூலை 11, வெள்ளி

கொழுந்தன் கேட்டுவிட்டான். கல்லூரிக்குப் புகார் எழுதிவிட்டான். விசாரணை முடியும்வரை தனப்பிரியா மையத்துக்கு வரக்கூடாதாம். நான்கு வருஷப் படிப்பு — அதற்கே ஏதாவது ஆகிவிட்டால்? அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

தனப்பிரியா கத்தவில்லை. "கிடான்னதுகூடப் போகுது. நம்பி வந்தவங்க பேர ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்களே மாமா" என்றாள். அப்புறம் காரில் ஏறாமல் பஸ்ஸில் போய்விட்டாள்.

கத்தியிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

கொழுந்தன் சமரசத்துக்கே வரமாட்டானாம். கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருஷமோ. ஆடி பிறக்கப் போகிறது, கொட்டகையோ ஓட்டை. நாக்கு என்னுது, நனையறது அந்தக் கொழந்தை.

அந்த வக்கீலைப் போய்ப் பார்க்க வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது. நெசமாவே பயமா இருக்குது. இதில் ஜோடனை இல்லை.

ஜூலை 17, வியாழன்

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி. சுவாமிநாதன் ஆபீஸ். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மூன்று முறை வாசல்வரை வந்து ஓடப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். செல்போனை மேஜைமேல் வைத்து என் பதிவைப் போட்டார். முழுசாக. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. முடிந்ததும், "நான் மேச்சேரிக்காரனுங்க. எங்கூருக் கிடாய்க்குக் கொம்பே மொளைக்காது. அதக்கூட விசாரிக்காமயா பேசுனீங்க?" என்றார்.

"தப்புங்க சார். அவ ஒரு வார்த்தை சொல்லலீங்க. எல்லாம் நானே கட்டுனதுங்க."

"இத எழுதித் தருவீங்களா?"

எழுதினேன். ஆறே வரி. என் ஆயுசில் பொய் கலக்காத ஆறு வரி.

"அந்தப் பொண்ணு முந்தியே எனக்கு ஒரு கடிதம் எழுதிருச்சு. தன் வழியாத்தான் கேசு வெளிய போச்சு, மன்னிக்கோணும்னு. உங்களப் பத்தி ஒரு குறை சொல்லல."

"உங்க கட்சிக்காரர் பேச்சுக்கு வருவாருங்களா?"

"கூப்பிட்டுப் பாக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

காரை எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை. செல்போனைக் கீழே வைக்கவில்லை.

ஜூலை 26, சனி

கல்லூரி விசாரணை முடியவில்லை. தனப்பிரியாவுக்குப் பதில் அவளுடன் படிக்கும் தமிழரசு மையத்துக்குள் பேச்சில் உட்கார்ந்தான். அவள் தயாரித்த காகிதங்கள்தான் அவன் கையில். இவள் வெளியே என் காரில். பஸ்ஸில் போன பிறகு இன்றுதான் ஏறினாள், பின் சீட்டில். மழை பிடித்துக்கொண்டது.

கொழுந்தன் வந்தான். தாமதமாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஆனால் வந்தான். சுவாமிநாதன் அவனுக்குக் குடை பிடித்து அழைத்துப் போனார். போகிற போக்கில் எங்கள் காரைப் பார்த்துத் தலையசைத்தார். தனப்பிரியா இறங்கி நின்று, நனைந்துகொண்டே வணக்கம் வைத்தாள். நானும் இறங்கினேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் குப்பாயி நேரே காருக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்துத் தனப்பிரியாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ஒருக்கா புடிச்சுப் பாரு சாமி."

நான் கைகூப்பினேன். "அம்மா, அன்னைக்குப் பேசுனது..."

"தெரியுமுங்க. தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு."

"ஊட்டுவரைக்கும் கொண்டு போயி உடறனுங்க" என்றேன். தயங்கினாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். தனப்பிரியா முன் சீட்டில் ஏறினாள்.

என் வீடு வந்ததும் செல்போனைப் பார்த்தேன். குழுவில் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள்: கேசு என்னாச்சு மாமா, கிடா கொம்பு என்னாச்சு மாமா?

"இங்கே நல்ல மழை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.