ஐஸ்மாரி நாட்டு உடுப்புகள்

இன்று காலை மேல்வீட்டு அம்மாளின் கம்பளிப் பாவாடைக்கு ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பைப் பிரித்துக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார். சூடு பட்டதும் நனைந்த ஆட்டு வாடை ஆவியாக எழுந்து அறையை நிறைத்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஊசி பிடித்தவள் நான், இஸ்திரி போட்டவள் நான். உனக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது. இருந்தும் இந்த வாடை உன்னுடையதாகிவிட்டது.

என் கணவரின் தங்கையாக, தாவரவியல் ஆராய்ச்சிக்கென்று, அறுபத்தேழில் நீ ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்கு வந்து இறங்கினாய். உன் அண்ணன் அதே பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. சமையலறையை ஒட்டிய அறையை உனக்கு ஒழித்துக் கொடுத்தோம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. குளிருக்குப் போடும் கோட்டைக் கண்டாலே கத்துவாள். கனக்கிறது, கழுத்தில் குத்துகிறது என்று மாடிப்படியிலேயே கழற்றி எறிவாள். நான் கெஞ்சுவேன், மிரட்டுவேன், சாக்லேட் தருவேன். தினமும் அதே கூத்துதான்.

நீ வந்த வாரத்தில் ஒருநாள், வாசலில் நானும் அவளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்து அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாய்.

"இதைக் கோட்டுன்னு யாருடி சொன்னது? ஐஸ்மாரி ராஜ்ஜியத்துல அரண்மனைக் காவல்காரங்க போடுற சட்டை இது."

"அது எங்க இருக்கு?"

"நார்வேக்கும் மேல. மேப்புல போட மாட்டாங்க. யாரும் வந்து தொந்தரவு பண்ணக்கூடாது பாரு."

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நீ கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தானும் போட்டுவிட்டாய். நான் கையில் மஃப்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அந்த மஃப்ளரையாவது நானே சுற்றிவிட வேண்டும் என்று முந்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த நாடு எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. ஐஸ்மாரிக்காரர்களின் சட்டைக்கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கும். அவர்களுக்குக் கையுறை கிடையாது. யாரையாவது நம்பினால் மட்டும் கையை மடித்துவிட்டு வெறும் உள்ளங்கையைக் காட்டுவார்கள். தொப்பியின் இடப்பக்கக் காதுமூடியில் ஒரு பொத்தான் இருக்கும். நல்ல செய்தி வந்தால்தான் அதைத் திறப்பார்கள். பெண்களின் பாவாடை இரண்டு அடுக்கு, நடுவில் கம்பளித் திணிப்பு. ஓரத்தில் குட்டி மணிகள். பனிப்புயலில் வழி தவறினால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமாம். மீன் பிடிப்பவர்களுக்கு மூன்று இடுப்புவார். மணப்பெண்ணுக்கு நீலம்.

எல்லாம் நீ சாப்பாட்டு மேஜையில், ஒரு கையில் ரொட்டியோடு சொன்னவை. சொல்லிவிட்டு நீ ஆய்வுக்கூடம் போய்விடுவாய். அவள் என்னிடம் வருவாள். "அம்மா, எனக்கு அந்தக் கை வேணும்." நான் அவள் சட்டைக்கு நீளக் கை ஒட்டுவேன். "அம்மா, காதுமூடி." தொப்பியைப் பிரித்துத் தைப்பேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு நேராகச் சன்னலுக்குப் போவாள், நீ தெருமுனையில் வருகிறாயா என்று பார்க்க.

உன் அண்ணனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவ குழந்தையோட விளையாடுறா. இதுல உனக்கு என்ன?" என்றார்.

அடுத்த பிப்ரவரியில், மைன்ஸே வேடம் கட்டி ஆடும் திருவிழா வந்தது. குழந்தைப் பள்ளியிலும் மாறுவேடம். மற்ற பிள்ளைகள் கௌபாய், கோமாளி, இளவரசி. இவளுக்கு ஐஸ்மாரிப் பெண்ணாகத்தான் போக வேண்டும். பழைய ராணுவக் கம்பளி ஒன்றைச் சந்தையில் வாங்கினேன். அவள் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து தைத்தேன். இரண்டு அடுக்கு, திணிப்பு, மணிகள், எதையும் விடவில்லை. கடைசியில் என் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து, சரிகைக் கரையை வெட்டிப் பாவாடை ஓரத்தில் வைத்தேன். நன்றாகக் கட்டக்கூடிய புடவை அது. நீ சொல்லாத ஒன்று அந்த உடுப்பில் இருக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அவள் குனிந்து சரிகையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ்மாரில இது கிடையாதே."

"இருக்கும் கண்ணு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பாவாடையோடு உன் அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். "அத்தை, அங்க தங்க பார்டர் உண்டா?"

நீ பாவாடையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "உண்டே. குளிர்காலம் பூரா அங்க சூரியனே வராதில்ல? அதான் கோடையிலேயே கொஞ்சம் பிடிச்சுத் துணியில தச்சு வெச்சுப்பாங்க. சொல்ல மறந்துட்டேன்."

அவளுக்குத் திருப்தி. என் புடவைக்கரை உள்ளே நுழைய உன் அனுமதி வேண்டியிருந்தது. பளபளப்பாக இருக்கட்டும் என்று நான் வைத்ததற்கு நீ ஒரு நொடியில் சூரியனையே கொண்டுவந்துவிட்டாய்.

பள்ளிக்கு நீயும் எங்களோடு வந்தாய். ஆசிரியை அவளை நடுவில் நிற்கவைத்து எந்த நாட்டு உடை என்று கேட்டார். அவள் ஜெர்மனில் காதுமூடி முதல் மணி வரை விளக்கினாள். பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். "நீங்கள் செய்ததா?" என்று ஆசிரியை உன்னைத்தான் கேட்டார். நீ சட்டென்று, "எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. தைத்தது என் அண்ணி" என்று சரளமான ஜெர்மனில் சொல்லி என் தோளில் கைவைத்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு "நன்றி"க்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நீ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருந்தால் மனதார உன்னை வெறுத்திருப்பேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை.

வீடு திரும்பும்போது டிராமில் சொன்னாய், "நீங்க தைக்கலைன்னா அது வெறும் பேச்சுதான் அண்ணி."

"பேச்சுக்குத்தானே அவ உன்கிட்ட ஓடுறா" என்றேன்.

உன் மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக் கொடுக்கப் பார்த்தாய். எழுந்துவிடுவாள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எழுபத்தொன்றில் பட்டம் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர்க் கல்லூரி வேலைக்குப் போனாய். பிராங்பர்ட் விமான நிலையத்தில் அவள் உன் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இனி இவள் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் என் பக்கம் வரவில்லை. வாங்கிக் கொடுத்த கோட்டை ஒரு பேச்சும் இல்லாமல் போட்டுக்கொண்டாள். கத்தவும் இல்லை, எறியவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை உன் கையெழுத்தில் அவள் பெயர் எழுதிய உறை வரும். அன்றைக்கு மட்டும் அவள் நடையே வேறாக இருக்கும்.

போன வருடம் நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. மூளைக்காய்ச்சல் என்று பிறகு எழுதினார்கள். உன் அண்ணன் உடைந்து அழுதார். பதினாலு வயதுப் பெண், என் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், வெளியே நான் நின்றிருந்தேன். என் பெண்ணின் துக்கத்தில்கூட எனக்கு இடம் இல்லையே என்றுதான் தோன்றியது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு அந்த நடையில் நின்றேன்.

சில நாட்கள் கழித்து இருவரும் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அவளாக உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். காவல்காரர்கள், மீன் பிடிப்பவர்கள், மணப்பெண்கள். ஒன்றும் மறக்கவில்லை. முகம் என்னுடையது என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். சொல்லும் விதம், வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி எதிராளியைப் பார்க்கும் அந்தப் பழக்கம், எல்லாம் நீ. நான் முதல்முறையாக அந்த நாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன்.

"அங்க அம்மாக்கள் என்ன உடுத்துவாங்க?"

அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். "அத்தை அதைச் சொல்லவே இல்லையேம்மா" என்றாள். பிறகு, "நீ சொல்லேன்" என்றாள்.

வேண்டுமென்றே எனக்காக விட்டுவைத்தாயா, உனக்குத் தோன்றவே இல்லையா? கேட்க நீ இல்லை. எனக்கு வெட்டத் தெரியும், உள்துணி வைக்கத் தெரியும், தையல் வெளியே தெரியாமல் மடித்து அடிக்கத் தெரியும். அவள் காத்திருந்தாள். நீயாக இருந்தால் அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பாய் என்ற பொறாமையோடு நான் வாயைத் திறந்தேன். நிறமாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதுகூட வரவில்லை.

"மெதுவா சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.