வெள்ளைக்காலிக்கு உரிமைக்காரன்

மார்ச் 3

குதிரையைக் காப்பாற்றிய புண்ணியவதிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நலம் விசாரிக்கப் போவதில்லை. கொட்டகைப் பூட்டை உடைத்து என் குதிரையை ஓட்டிக்கொண்டு போனாய். அது போதாதென்று போலீஸையும் கூட்டிவந்து, அக்கம்பக்கத்தார் முன்னால் என் மானத்தை வாங்கினாய். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

சவாரிப் பள்ளியை மூடியபோது, தீனி போட ஆள் வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். அவன் ஓடிப்போனால் நான் என்ன செய்வேன்? வெள்ளைக்காலி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறாள். தேறியதும் அனுப்பிவை. லாரியில் ஒரு மூட்டை கொள்ளு வருகிறது. வாளி நிறையப் போடு, பத்து நாளில் நிமிர்ந்துவிடுவாள்.

உன் அண்ணன்
(அதை மாற்ற முடியாதே!)

மார்ச் 11

அண்ணனுக்கு,

மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டினி கிடந்த குதிரைக்கு வாளி நிறையத் தானியம் வைத்தால் செத்துப்போகும். இருபது வருஷம் குதிரை வைத்துப் பிழைத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு கை காய்ந்த புல். அவ்வளவுதான் அவள் வயிறு தாங்குகிறது.

கன்னத்தில் பதிந்திருந்த கயிற்றை அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பசியில் கதவுப் பலகையைக் கொறித்திருக்கிறாள். எங்கள் காப்பகத்துக் குதிரை டாக்டரம்மா விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத மறதின்னு சொல்லாதீங்கம்மா, கொலைன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

தங்கை

ஜூன் 20

டாக்டரம்மாவின் எடுபிடிக்கு,

லாடம் அடிப்பவர் வந்து எல்லாம் சொன்னார். என்னிடம் ராணி மாதிரி இருந்தவள், உன் மந்தையில் போகிற குதிரை வருகிற குதிரையிடமெல்லாம் கடிபடுகிறாளாமே? நன்றாக இருக்கிறது உன் அடைக்கலம். நான் வளர்த்தது மந்தைக் குதிரை இல்லை. நான் நாக்கைத் தட்டினால் எங்கே நின்றாலும் ஓடிவருவாள். அடுத்த மாதம் வந்து கூட்டிப்போகிறேன். தடுத்தால், இந்தத் தடவை போலீஸோடு வருவது நான்.

அண்ணன்

ஜூலை 14

அண்ணனுக்கு,

கடிபட்டது உண்மை. முதலில் வேலிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி முகர்ந்து பழக விட்டோம். உள்ளே விட்டதும், மந்தைக்குத் தலைவியான செவலைக் குதிரை அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே அண்டவிடவில்லை. ஐந்து வாரம் ஓரமாகவே நின்றாள்.

வந்த நாளிலிருந்து அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. காவலுக்கு இன்னொன்று நின்றால்தான் குதிரை நிம்மதியாகப் படுக்கும். போன செவ்வாய் மத்தியானம் புல்லில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டாள். தலைமாட்டில் செவலை நின்றுகொண்டிருந்தது. நான் அழுதேன்.

போலீஸ் வேண்டாம். தனியாக வா. வேலியருகே நின்று கூப்பிடு. வந்தால் கூட்டிக்கொண்டு போ. உன் நிழலைக் கண்டாலே ஓடுவாள் என்று எழுதித் தருகிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

உன் வேலியருகே வந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியதற்குக் காரணம் கேட்டிருக்கிறாய். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதால் முழுதும் பார்க்கவில்லை.

வந்தாள். நான் ஒருமுறைதான் நாக்கைத் தட்டினேன். மேய்ந்துகொண்டிருந்தவள் அத்தனை தூரம் ஓடிவந்து, என் நெஞ்சில் நெற்றியை வைத்தாள். கயிறு கையிலேயே இருந்தது. கடித்திருந்தால், உதைத்திருந்தால், உன்மேல் இருந்த கோபத்திலாவது மாட்டி இழுத்துவந்திருப்பேன்.

பின்னாலேயே செவலை வந்தது. காதை மடக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, என்னைப் பார்த்தது. அது ஒன்றுக்குத்தான் நான் யார் என்று தெரிந்திருந்தது.

தீனி போடுகிறவன் ஓடிப்போனது எனக்கு இரண்டாம் வாரமே தெரியும். பள்ளியை இழந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடக்க வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். இதுதான் உண்மை.

நீ போலீஸைக் கூட்டிவந்ததை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. குதிரையின் பத்திரத்தை உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு என்னிடம் பயப்படத் தெரியவில்லை. அதனால் இனி வேலியருகே நின்று நானே கூப்பிட்டாலும் அவளை விடாதே.

அண்ணன்