புளியால் விளக்கிய மணி

ஒரே கப்பலில் என்னோடு வந்தவனே,

இன்று காலை செராங்கூன் ரோட்டுக் கடையில் புதுப் புளி மூட்டையைப் பிரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே மூட்டை வாயை மறுபடி இறுக்கிக் கட்டினேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் இந்தப் பயம் போகவில்லை.

நான்தான் ஜாமீன் நின்று உன்னை அந்தப் பங்களாவில் காவலுக்குச் சேர்த்தேன். கட்டிய வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபின் சர்க்கார் அதை மியூசியமாக்கியிருந்தது. செத்ததையெல்லாம் அடுக்கி வைத்திருப்பதால் நம்மவர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். அங்கே துடைப்பத்திலிருந்து மண்ணெண்ணெய்வரை என் கடைச் சரக்கு.

கவர்னர் வரப்போகிறார் என்று நீயாகவே ஒரு காரியம் செய்தாய். ஆற்றுச் சேற்றில் எடுத்த பழைய வெண்கல மணியை என் கடைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாய்.

"பாரடா முதலாளி, பொன் மாதிரி!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

மணிமேல் இருந்த பச்சைக் களிம்பு துளிகூட மிச்சமில்லை. அந்தக் களிம்புதான் மணியின் வயசுக்குச் சாட்சி என்று மியூசியத் துரை என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"களிம்பு விஷமாச்சே. நம்ம வீட்டுல விட்டுவைப்பாங்களா?" என்றாய்.

"இது உன் வீட்டுச் சட்டியாடா? ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான்."

துரை ஜோகூரிலிருந்து திரும்ப ஐந்து நாள் இருந்தது. புளித்த மோரும் உப்பும் பூசி, ஈரத்துணி சுற்றி வைத்தோம். பச்சை வந்தது, திட்டுத்திட்டாக, சொறி பிடித்த மாதிரி.

"என் மாமியார் மூஞ்சி இதுக்குத் தேவலை," என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரை வந்தார். மணியருகே குனிந்தார். மோர் வாடை எனக்கே அடித்தது. நிமிர்ந்து, "இந்த அறையை யார் பார்த்துக்கொள்வது?" என்றார். அவர் கேட்டு முடிக்குமுன் என் விரல் உன் பக்கம் நீண்டுவிட்டது.

"இவன்தான் துரை. எனக்கு ஒன்றும் தெரியாது."

அவர் உன் தோளைத் தட்டினார். தரை பளிச்சென்று இருக்கிறதாம். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "பயத்துல கை தானாப் போகும், விடு," என்று சுருட்டைப் பற்றவைத்தாய். ஆனால் அதன்பின் ஒருநாளும் என்னிடம் உதவி என்று நீ கேட்டதில்லை. கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும் மருந்துக்கு வேறு ஆளைத்தான் அனுப்பினாய்.

மணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எனக்குப் பயமில்லை.

புளி மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரன், தன் தம்பியை அதே பங்களாவில் சேர்க்க என்னை ஜாமீன் நிற்கச் சொல்கிறான். "உங்க வார்த்தை போதும் அண்ணே," என்று கடை வாசலில் நிற்கிறான். நான், அன்று உன் பக்கம் நீண்ட வலது கையை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.